புகைக்கு எந்தச் சுவர்?

இக்கட்டுரையை ஒரு கிதாபின் பாடத்திலிருந்து தொடங்குகிறேன். "மௌலவிமாருக்கு வேறு என்ன தெரியும்?" என்று உங்களில் சிலர் முணுமுணுப்பது கேட்கிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாடத்தை ஏறத்தாழ இருபது வருடங்களாக மாணவர்களுக்கு நடத்தி வருகிறேன். ஆனால் 2025 ஆகஸ்டில், என் தங்கையின் மகள் கேட்ட ஒரு கேள்விக்குப் பின்னர்தான் அதை உண்மையில் ஓதினேன் என்று சொல்ல வேண்டும்.

இமாம் நவவி (ரஹ்) அவர்களின் மின்ஹாஜை ஓதியவர்கள், தரிசு நிலத்தைப் பண்படுத்துவது பற்றிய 'இஹ்யாஉல் மவாத்' பாடத்தில் ஒரு சிறிய மஸ்அலாவைக் கடந்து வந்திருப்பார்கள். ஒருவர் தன் சொந்த உடைமையில் எதுவரை செய்யலாம்? நாலாபுறமும் குடியிருப்புகள் சூழ்ந்த தன் வீட்டைக் குளியல் விடுதியாகவோ குதிரை லாயமாகவோ ஆக்கலாமா? புடவை வியாபாரிகளுக்கு மத்தியில் இருக்கும் தன் கடையைக் கொல்லன் பட்டறையாக மாற்றலாமா? மாற்றலாம் என்பதுதான் மிகச் சரியான கருத்தாக அங்கே சொல்லப்படுகிறது. ஒரேயொரு நிபந்தனை: அவர் பேணுதலாக நடந்து, சுவர்களைப் பலப்படுத்திக்கொள்ள வேண்டும். ஷாஃபிஈ மத்ஹபைப் பின்பற்றும் நம் நாட்டு அரபுக் கல்லூரிகளில் இதை ஓதாமல் யாரும் ஸனது வாங்கி வெளியேறியிருக்க மாட்டார்கள்.

நான் கற்பிக்கும் மத்ரஸா மாத்தளை நகரிலிருந்து சில கட்டை தூரத்தில், மலைகளுக்கு இடையே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. வகுப்பறை ஜன்னலைத் திறந்தால் சுண்ணாம்புச் சூளை ஒன்று தெரியும். மாத்தளைப் பக்கத்து மண்ணுக்குக் கீழே டொலமைட் என்னும் சுண்ணாம்புக்கல் நிறைய உண்டு என்பது உங்களுக்குத் தெரிந்ததே. கல்லை உடைத்து, விறகோடு அடுக்கடுக்காகப் போட்டு, நாட்கணக்கில் எரிப்பார்கள். சூளை எரியும் நாட்களில் நாங்கள் ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் நடத்துவோம். கொல்லன் பட்டறையின் புகை பற்றிய பாடத்தையும் அப்படித்தான் ஜன்னலைச் சாத்திக்கொண்டு நடத்தியிருக்கிறேன்! இதில் உள்ள வேடிக்கை இருபது வருடமாக எனக்குத் தோன்றவே இல்லை.

என் தங்கையின் வீடு சூளைக்கு இன்னும் கிட்ட. அவளுக்கு ஆஸ்துமா. இரவில் மூச்சு முட்டி, படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மகள் கொழும்புப் பல்கலைக்கழக சட்டபீடத்தில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தவள் ஒரு நாள் அஸருக்குப் பிறகு என் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தாள்.

"மாமா, உம்மாக்கு ராவெல்லாம் முட்டு. பக்கத்து வீட்டுப் பொகையப் பத்தி கிதாபுல ஒண்டுமே இல்லையா?"

நான் மேற்சொன்ன மஸ்அலாவை விளக்கினேன். கொஞ்சம் பெருமையோடுதான் விளக்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவள் கவனமாகக் கேட்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"சொவரப் பலப்படுத்தினா போதும் எண்டா, சுத்தியலடிக்கும் சூட்டுக்கும் சரி மாமா. பொகைக்கு எந்தச் சொவரக் கட்டுற?"

எனக்குப் பதில் வரவில்லை. மஃரிபுக்கு பாங்கு சொன்னது எனக்கு உதவியாக இருந்தது.

அன்றிரவு கிதாபுகளைப் புரட்டினேன். மாலிக்கி மத்ஹபின் அறிஞர்கள் இந்த விடயத்தில் நம்மவர்களைவிடக் கடுமையானவர்கள். குளியல் விடுதியின் புகையையும் அடுப்பின் புகையையும் தோல் பதனிடுவோரின் துர்நாற்றத்தையும் அயலவருக்குச் செய்யும் தீங்காகவே கொண்டு, தடுக்கப்பட வேண்டியவை என்றார்கள். ஹிஜ்ரி எட்டாம் நூற்றாண்டில் தூனிஸ் நகரில் இப்னுர் ராமீ என்றொரு கட்டடக் கலைஞர் இருந்தார். காழிமாருக்காக வீடு வீடாகப் போய்ச் சுவரையும் சாக்கடையையும் அடுப்பையும் பார்வையிட்டவர். அந்த அனுபவத்தை வைத்துக் கட்டடச் சட்டங்கள் பற்றித் தனி நூலே எழுதினார். புகை, துர்நாற்றம், அதிர்வு ஆகியவற்றால் வரும் தீங்குகள் அதில் உண்டு. ஹனஃபி மத்ஹபின் அடிப்படையில் உஸ்மானியர் 1876இல் முடித்த மஜல்லாச் சட்டக் கோவையும், புகையால் அயலவர் வீட்டில் குடியிருக்கவே முடியாமல் போனால் அது மிகைத்த தீங்கு, எப்படியேனும் நீக்கப்பட வேண்டும் என்கிறது. நமது இமாம்கள் பார்த்த கொல்லன் பட்டறை ஒரு கூடை கரியோடு முடிந்துவிடும். லொறி லொறியாக விறகு எரியும் சூளையை அவர்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று சொல்ல நான் யார்?

மறுநாள் மருமகள் மீண்டும் வந்தாள். இம்முறை அவள் எனக்குப் பாடம் நடத்தினாள்.

பசிபிக் சமுத்திரத்தில் வனுவாட்டு என்றொரு நாடு. எண்பதுக்கும் மேற்பட்ட சிறு தீவுகள். மூன்று இலட்சத்துச் சொச்சம் மக்கள். நம் மாத்தளை மாவட்டத்தின் சனத்தொகைகூட அதைவிட அதிகம். 2015இல் 'பாம்' என்ற சூறாவளியும் 2020இல் 'ஹரோல்ட்' என்ற சூறாவளியும் அந்நாட்டைப் புரட்டிப் போட்டன. அதன் தலைநகர் போர்ட் விலாவில் தென்பசிபிக் பல்கலைக்கழகத்தின் சட்டபீடம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டு அங்கே சர்வதேசச் சுற்றாடல் சட்டம் படித்த 27 மாணவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். பல தீவு நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகள். "உலகின் பெரிய நாடுகள் எரிக்கும் எரிபொருளால் எங்கள் தீவுகள் மூழ்குகின்றன, சட்டம் இதற்கு என்ன சொல்கிறது என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்டால் என்ன?" என்பது அவர்களுடைய யோசனை.

வாசகர்களே, அந்த யோசனை எவ்வளவு பெரியது என்பதைச் சற்று நினைத்துப் பாருங்கள். ஹேக் நகரில் உள்ள சர்வதேச நீதிமன்றத்தில் மாணவர்கள் வழக்குப் போட முடியாது, நாடுகள்தாம் போடலாம். ஆலோசனைக் கருத்துக் கேட்பதென்றால் அதற்கும் ஐ.நா. பொதுச் சபை போன்ற ஓர் அமைப்பு கேட்க வேண்டும். ஆகவே அப்பிள்ளைகள் பசிபிக் தீவுகளின் அரசாங்கங்களுக்குக் கடிதம் எழுதினார்கள். வனுவாட்டு அரசாங்கம் செவிசாய்த்தது. சோலமன் தீவுகளைச் சேர்ந்த சிந்தியா ஹூனியுஹி என்ற மாணவி அவர்களின் அமைப்புக்குத் தலைவியானார். நான்கு வருடங்கள் அலைந்தார்கள். 2023 மார்ச் 29ஆம் திகதி ஐ.நா. பொதுச் சபை, வாக்கெடுப்பே இல்லாமல் ஏகமனதாக அந்தக் கேள்வியை நீதிமன்றத்துக்கு அனுப்பியது. 2024 டிசம்பரில் இரண்டு வாரங்கள் விசாரணை நடந்தது. 96 நாடுகள் வாய்மூலம் வாதிட்டன. அந்த நீதிமன்றத்தின் வரலாற்றிலேயே இவ்வளவு நாடுகள் ஒரு விடயத்தில் பங்கெடுத்ததில்லை.

2025 ஜூலை 23ஆம் திகதி பதினைந்து நீதிபதிகளும் ஒரே குரலில் கருத்துச் சொன்னார்கள். காலநிலையைப் பாதுகாப்பது நாடுகளின் விருப்பத்தைப் பொறுத்த விடயமல்ல, சட்டக் கடமை. நிலக்கரியும் எண்ணெயும் தோண்ட அனுமதி கொடுப்பதும் அதற்கு மானியம் வழங்குவதும்கூட அக்கடமையை மீறும் செயலாகலாம். மீறினால், பாதிக்கப்பட்ட நாட்டுக்கு நட்டஈடு வழங்கும் பொறுப்பும் வரலாம். தூய்மையான, ஆரோக்கியமான சுற்றாடல் இல்லாமல் மற்ற மனித உரிமைகளை அனுபவிக்கவே முடியாது. இவையெல்லாம் அதில் உள்ளன.

"இது ஆலோசனைதானே, யாரையும் கட்டுப்படுத்தாதே?" என்றேன்.

"நீங்க குடுக்குற ஃபத்வாவும் அப்படித்தானே மாமா? அத வச்சித்தானே ஊர்ல எல்லாரும் நடக்குறாங்க" என்றாள்.

பிள்ளை படித்து என்ன பிரயோசனம் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்லி வையுங்கள்!

அவள் சொன்னவற்றில் இன்னொன்று எனக்குப் புதிது. நமது நாட்டு நீதியரசர் சீ. ஜீ. வீரமந்திரி அவர்கள் அந்நீதிமன்றத்தின் உப தலைவராக இருந்தவர். 1997இல் ஹங்கேரிக்கும் ஸ்லோவாக்கியாவுக்கும் இடையிலான டான்யூப் நதி அணைக்கட்டு வழக்கில் அவர் தனியாக ஒரு கருத்துரை எழுதினார். அபிவிருத்தியையும் சுற்றாடலையும் சேர்த்து நோக்க வேண்டும் என்பதற்கு இலங்கையின் பழைய குளங்களையும் நீர்ப்பாசனத்தையும் அதில் சான்றாகக் காட்டினார். வெவ்வேறு சமூகங்களின் மரபுகளை எடுத்துரைத்தபோது இஸ்லாமியச் சட்டத்தையும் விட்டுவிடவில்லை. அவர் 1988இலேயே இஸ்லாமியச் சட்டவியல் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதியவர். பத்து வருடங்கள் அரபுக் கல்லூரியில் ஓதிய நான் அவருடைய பெயரை மட்டும்தான் அறிந்திருந்தேன். வெட்கமாக இருந்தது.

சூளைப் புகைக்கும் மூழ்கும் தீவுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்டபோது, அவள் ஒரு கணக்குச் சொன்னாள். சுண்ணாம்புக்கல்லை ஏறத்தாழ 900 பாகை வரை சூடாக்கினால்தான் சுண்ணாம்பாகும். அப்போது கல்லுக்குள் இருக்கும் காபனீரொட்சைட்டு வெளியேறுகிறது. தூய சுண்ணாம்புக்கல் ஒரு தொன் என்றால் ஏறக்குறைய 440 கிலோ. விறகிலிருந்து வருவது வேறு. கண்ணுக்குத் தெரியும் புகை என் தங்கையின் நெஞ்சுக்குப் போகிறது. கண்ணுக்குத் தெரியாத வாயு எல்லோருடைய வானத்துக்கும் போகிறது. இலங்கை முழுவதும் வெளியிடும் காபனீரொட்சைட்டு உலகக் கணக்கில் ஒரு வீதத்தின் பத்திலொரு பங்கைக்கூட எட்டாது என்பதையும் அவளே சொன்னாள். ஆகவே உலகம் சூடாவதற்கு எங்கள் ஊர்ச் சூளைக்காரரைப் பிடித்துக் கேட்பது அநியாயம். தங்கையின் மூச்சுக்குக் கேட்கலாம்.

காற்றுக்கு எல்லை இல்லை என்பதை நாம் பார்த்துமிருக்கிறோம். 2022 டிசம்பர் 9ஆம் திகதி நாடெங்கும் அரசாங்கப் பாடசாலைகள் மூடப்பட்டது நினைவிருக்கிறதா? 'மண்டூஸ்' புயலின் காற்று வடக்கே இந்தியப் பக்கத்திலிருந்து மாசையும் சேர்த்துக்கொண்டு வந்தது. மாத்தளையில் எதிர்மலை தெரியவில்லை. நாங்களும் மத்ரஸாவுக்கு விடுமுறை விட்டோம். எங்கோ எரித்ததை நம் பிள்ளைகள் சுவாசித்தார்கள்.

சரி, இந்த நாட்டில் சட்டம் இல்லையா? இருக்கிறது என்றாள். 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இத்தகைய தொழில்களுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை அகற்றுமாறு நீதவான் கட்டளையிடலாம். அரசியலமைப்பிலே சுற்றாடலைப் பாதுகாப்பது அரசின் கடமை என்றும், இயற்கையைப் பேணுவது ஒவ்வொருவரின் கடமை என்றும் எழுதப்பட்டிருக்கிறது. 1998இல் லலானத் டி சில்வா என்ற சட்டத்தரணி, வாகனப் புகையைக் கட்டுப்படுத்தும் ஒழுங்குவிதிகளை அரசு வெளியிடவில்லை என்று உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தொடர்ந்தார். அதன் பின்னர்தான் வாகனப் புகைக்குரிய நியமங்கள் வர்த்தமானியில் வந்தன. 2008இல் தொடங்கிய புகைப் பரிசோதனைச் சான்றிதழுக்காக இன்று வருடந்தோறும் வரிசையில் நிற்கிறோமே, அதற்குப் பின்னால் தனி ஒருவரின் மனுவும் இருக்கிறது. வரிசையில் நின்று அலுத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அவள் பையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். பிரதேச சபைக்கும் சுற்றாடல் அதிகாரிகளுக்கும் எழுதப்பட்டது. ஊரவர்களின் கையொப்பம் வேண்டும். "முதல்ல நீங்க வைங்க மாமா. நீங்க வச்சா எல்லாரும் வைப்பாங்க."

வாசகர்களே, இனி எழுதுவது எனக்குப் பெருமை தரும் விடயமல்ல.

அந்தச் சூளையின் உரிமையாளர் நல்ல மனிதர். ஜமாஅத்தை விடமாட்டார். எங்கள் மத்ரஸாவின் வுழூச் செய்யும் ஹவுழுக்கு மேலே உள்ள கூரைத் தகடுகள் அவர் கொடுத்தவை. ரமழானில் மாணவர்களின் நோன்புக் கஞ்சிக்கு அரிசி தருவார். சூளையில் நம் ஊர் வாலிபர்கள் பன்னிரண்டு பேர் வேலை செய்கிறார்கள். நான் கடிதத்தை மடித்து அவளிடமே கொடுத்தேன். "கொஞ்சம் பொறு மகள், ஸப்ர் செய்வோம். நான் அவரோட பேசிப் பார்க்கிறேன்" என்றேன். பேசவில்லை. இரண்டு தடவை அவருடைய வீட்டு வாசல்வரை போனேன்; இரண்டு தடவையும் வேறு கதை பேசி, தேநீர் குடித்துவிட்டு வந்தேன். ஸப்ர் பற்றி எத்தனை குத்பாக்கள் ஓதியிருப்பேன்! மூச்சு முட்டியது என் தங்கைக்கு. பொறுமையைச் சிபாரிசு செய்தது நான்.

வேறொன்றும் என்னைத் தடுத்தது. எங்கள் மத்ரஸாவிலேயே வியாழக்கிழமைதோறும் குப்பையைக் கூட்டி, ஷொப்பிங் பைகளையும் யோகட் கோப்பைகளையும் சேர்த்து எரிப்பது வழக்கம். சூளைக்காரர் அதைச் சுட்டிக்காட்டினால் என்ன சொல்வது? நம் வீடுகளிலும்தான் என்ன நடக்கிறது? விறகடுப்பின் புகைக்குள் நம் பெண்கள் விடியற்காலையிலிருந்து நிற்கிறார்கள். சமையலறைக்கு ஒரு புகைக்கூண்டு வைக்கும் செலவைத் தள்ளிப்போட்டுவிட்டு, முன் வாசலுக்கு மாபிள் பதிக்கிறோம். உலகில் வருடத்துக்கு ஏறத்தாழ 70 இலட்சம் பேர் மாசுற்ற காற்றினால் மரணிப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணிக்கிறது. வீட்டு அடுப்புப் புகையும் அந்தக் கணக்கில் உண்டு. வீட்டுக்காரர்கள் இதைக் கவனிக்கட்டும்.

நவம்பர் கடைசியில் 'டித்வா' புயல் வந்தது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. நமது மாவட்டத்திலும் மலைகள் சரிந்தன, பாதைகள் அறுந்தன. எங்கள் பள்ளத்து வீடுகளில் பல நீரில் மூழ்கின. தங்கையின் குடும்பமும் இன்னும் ஏழு குடும்பங்களும் மத்ரஸாவில் தங்கினார்கள். ஈரச் சுவர், ஈரப் பாய். அவளுக்கு மூச்சு முட்டியபோது பாதை இல்லாததால் வைத்தியசாலைக்குக் கொண்டுபோக முடியவில்லை. மருமகள் தன் தாயின் முதுகைத் தடவிக்கொண்டு என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. மூன்றாம் நாள்தான் பாதை திறந்தது. அல்ஹம்துலில்லாஹ், தங்கை பிழைத்தாள்.

வெப்பம் ஒரு பாகை கூடினால் காற்று ஏறத்தாழ 7 வீதம் அதிகமான நீராவியைச் சுமக்கும் என்கிறார்கள். அந்த மழையில் எத்தனை பங்கு எந்த நாட்டின் புகையால் வந்தது என்று பிரித்துக் கணக்குப் பார்க்க என்னால் இயலாது. அந்த 27 பிள்ளைகள் கேட்ட கேள்வி எங்கள் ஹவுழுக்குள் வந்து நின்றதை மட்டும் கண்டேன்.

ஜனவரியில் நானே கடிதத்தைக் கேட்டு வாங்கிக் கையொப்பமிட்டேன். அதற்கு முன்பு மத்ரஸாவின் குப்பை எரிப்பை நிறுத்தினோம். சூளை உரிமையாளரின் வீட்டுக்கும் போய், தேநீருக்கு முன்பே விடயத்தைச் சொன்னேன். அவருடைய முகம் மாறியது. "நீங்களுமா ஹஸரத்?" என்று மட்டும் கேட்டார். கடிதம் போனது, அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவர் சூளைக்கு மேலே உயரமான புகைபோக்கி ஒன்றைக் கட்டினார். செலவு அதிகம். அவரைக் குறை சொல்ல முடியாது, சொன்னதைச் செய்தார்.

எங்கள் பள்ளத்தில் இரவில் குளிர்ந்த காற்று கனத்துக் கீழே தங்கும். முன்பு புகையும் அதனோடு தங்கிவிடும். இப்போது புகை எங்கள் தலைக்கு மேலால் போய்விடுகிறது. வகுப்பறை ஜன்னல் திறந்திருக்கிறது. தங்கை ஓரளவு தூங்குகிறாள். ஊரில் எல்லோரும் மருமகளைப் பாராட்டினார்கள். அவளோ ஜன்னலில் நின்று புகை போகும் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அங்க மேல என்ன ஈக்கி மாமா?"

மேலே தோட்டத்து லயன்கள் இருக்கின்றன. எனக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியும்.

ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் மேலே ஏறிப் போனோம். கொத்தமல்லித் தண்ணீர் தந்து உட்கார வைத்தார்கள். வயதான தோட்டத்து அம்மா ஒருவர் இருமிக்கொண்டே பேசினார்.

"ரெண்டு மாசமா இப்படித்தாங்க மௌலவி. கொழந்தைங்களுக்கும் இருமல். முன்னாடி ஒங்க பக்கம் அடிச்சிச்சு. அப்ப நாங்க மேலேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்தோம்."

அவர் குறையாகச் சொன்னாரா, சாதாரணமாகச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. மருமகள் புதிய கடிதத்தைத் தமிழில் வாசித்துக் காட்டினாள். இம்முறை புகைபோக்கியின் உயரத்தைப் பற்றி அல்ல. விறகின் ஈரம், தூசியைப் பிடிக்கும் ஏற்பாடு, சூளை எரியும் நேரம், அனுமதிப்பத்திரத்தின் நிபந்தனைகள் ஆகியவற்றைப் பற்றி எழுதியிருந்தாள். பன்னிரண்டு பேரின் தொழிலை நிறுத்தும்படி அதில் ஒரு வரியும் இல்லை. முப்பத்தொரு பேர் வைத்தார்கள்; சிலர் கையொப்பம், சிலர் பெருவிரல் அடையாளம். அவர்களுக்குக் கீழே நானும் வைத்தேன்.

விசாரணைக்கு இன்னும் திகதி தரப்படவில்லை. தேவைப்பட்டால் 98ஆம் பிரிவின் கீழ் நீதவானிடம் போகலாம் என்று மருமகள் சொல்கிறாள். அவளுக்கு இறுதிப் பரீட்சையும் நெருங்குகிறது. இந்த வருட ரமழானில் கஞ்சிக்கு அரிசி வரவில்லை. ஊரார் சேர்ந்து வாங்கினோம். ஹவுழின் கூரைத் தகடுகள் அப்படியே இருக்கின்றன. சூளை உரிமையாளர் ஜும்ஆவுக்கு வருகிறார், ஸலாம் சொல்கிறார். முஸாஃபஹா செய்ய முன்புபோல் நிற்பதில்லை.

மின்ஹாஜின் அந்தப் பாடம் அடுத்த மாதம் வருகிறது.